குக்கி ஏன் மொறுமொறுவென்று ஆகிறது? மெத்தென்று வர என்ன செய்வது?

மதுரை வாசகி ஒருவர் கேட்டது, 27 ஏப்ரல் 2025

பேரன் டல்லாஸிலிருந்து ஜூனில் லீவுக்கு வருகிறான், ஆறு வயது. அங்கே அவன் சாப்பிடுகிற சாக்லேட் சிப் குக்கி ஓரத்தில் மட்டும் லேசாக மொறுமொறுப்பாக இருக்குமாம், நடுவில் மெத்தென்று, பிட்டால் கொஞ்சம் இழுபட்டு வருமாம். நான் செய்தால் டீக்கடை வெண்ணெய் பிஸ்கட் மாதிரி படக்கென்று உடைகிறது. பேக்கிங் பவுடரைக் கூட்டிப் போடுங்கள் அத்தை என்கிறாள் மருமகள். அமெரிக்க மைதாவும் வெண்ணெயும் இல்லாமல் அது வராதும்மா, விட்டுவிடுங்கள் என்கிறான் மகன். நம்ம ஊர்ச் சாமானில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

27 ஏப்ரல், இரவு 9.40

இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். பேக்கிங் பவுடரைக் கூட்டினால் குக்கி உப்பிக்கொண்டு கேக் ஆகிவிடும், இழுபடாது. மகன் சொல்வதில் மைதா விஷயத்தில் கால்வாசி உண்மை உண்டு, வெண்ணெய் விஷயத்தில் அதுவும் இல்லை. அமெரிக்காவில் வெண்ணெய்க்குக் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். நம்ம ஊர்ப் பாக்கெட் வெண்ணெய்க்கும் அதே 80தான்.

உங்கள் குக்கி உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்டிருப்பீர்கள். வெந்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் உள்ளே விட்டிருப்பீர்கள்.

நான் திருச்சி. திருவெறும்பூர் பாய்லர் ஆலையில் உலைப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் மாசசூசெட்ஸில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் இருக்கிறாள். விசிட்டர் விசாவில் போய், வெளியே இறங்க வழியில்லாத பனிக்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது பேத்தியோடு சேர்ந்து பழகிக்கொண்டது இது. இப்போது மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகிறாள், ஜூன் கடைசியில் இங்கே வருகிறாள். அதனால் எனக்கும் இப்போது ஒத்திகைக் காலம்தான்.

அளவெல்லாம் நாளைக் காலையில்.

28 ஏப்ரல், காலை 7.15

பதினைந்து குக்கிக்கு வரும் அளவு இது. தராசில் நிறுத்துப் போடுங்கள், கப் கணக்கு வேண்டாம். ஒருவர் கப்பில் மைதாவை அழுத்தி நிரப்புவார், இன்னொருவர் தூவி நிரப்புவார், இரண்டுக்கும் முப்பது கிராம் வித்தியாசம் வந்துவிடும்.

வெண்ணெய் 115 கிராம், உருக்கி ஆறவைத்தது. நாட்டுச்சர்க்கரை 130 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம். ஒரு முழு முட்டை, கூடவே இன்னொரு முட்டையின் மஞ்சள் கரு மட்டும். வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். மைதா 165 கிராம். சமையல் சோடா, அதாவது ஆப்பச் சோடா, அரை டீஸ்பூன், தலைதட்டி. உப்பு கால் டீஸ்பூன். சாக்லேட் 150 கிராம்.

வெண்ணெயையும் இரண்டு சர்க்கரையையும் கலந்து, முட்டையும் வெனிலாவும் சேர்த்து, பளபளப்பு வரும் வரை கரண்டியால் அடித்துக் கலக்குங்கள். மின் பீட்டர் எதற்கும் தேவையில்லை. மைதா, சோடா, உப்பைச் சலித்துச் சேர்த்து, மாவு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். கடைசியில் சாக்லேட். மூடி ஃபிரிட்ஜில் குறைந்தது இரண்டு மணி நேரம். 45 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, தட்டில் நன்றாக இடைவெளி விட்டு வைத்து, 175 டிகிரியில் 10 முதல் 11 நிமிடம்.

வெண்ணெயை உருக்குவதற்குக் காரணம் இருக்கிறது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். உருக்கினால் அந்தத் தண்ணீர் விடுபட்டு மைதாவில் இருக்கிற புரதத்தோடு சேர்கிறது, அந்த இழுவை அங்கிருந்துதான் வருகிறது. குளிர்ந்த வெண்ணெயைச் சர்க்கரையோடு அடித்தால் காற்று ஏறி, கேக் பக்கம் போய்விடும். நெய் ஊற்றினால் தண்ணீரே இல்லை, நெய் பிஸ்கட்தான் கிடைக்கும். அதுவும் நல்ல தின்பண்டம்தான், ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே.

மஞ்சள் கரு மட்டும் கூடுதலாக ஏன் என்று கேட்பீர்கள். வெள்ளைக் கரு வெந்ததும் இறுகிக் காய்ந்துபோகும். மஞ்சள் கருவில் இருக்கிற கொழுப்பு குக்கியை நெகிழ்வாக வைக்கும்.

28 ஏப்ரல், காலை 7.50

உப்பு போட்ட மஞ்சள் நிற வெண்ணெய் என்றால் மேலே சொன்ன கால் டீஸ்பூன் உப்பை விட்டுவிடுங்கள். வீட்டில் கடைந்த வெண்ணெய் வேண்டாம், அதில் தண்ணீர் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

29 ஏப்ரல்

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்கிறார்: கடையில்தான் பிரவுன் சுகர் என்றே பாக்கெட்டில் கிடைக்கிறதே, நாட்டுச்சர்க்கரை எதற்கு?

இங்கே அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் டெமராரா வகை. பரல் பெரிது, வறண்டது, நிறம் மட்டும்தான் பழுப்பு. அமெரிக்காவில் அவர்கள் போடுகிற பிரவுன் சுகர் வேறு. வெள்ளைச் சர்க்கரையில் கரும்புக் கழிவுப்பாகைத் திரும்பச் சேர்த்துச் செய்வது. வெளிர் வகையில் சுமார் 3.5 சதவீதம் பாகு, கருத்த வகையில் 6.5. புட்டு மாவுப் பதத்தில் இருக்கும். பிடித்தால் பிடியாக நிற்கும், விரலால் தொட்டால் உதிரும். மகள் வீட்டில் முதலில் அதைப் பார்த்தபோது, நனைந்துபோன சர்க்கரை என்று ஒதுக்கி வைத்தாள் என் வீட்டம்மா.

அந்தப் பாகில்தான் சூட்சுமம். வெள்ளைச் சர்க்கரை சூட்டில் உருகி, ஆறினதும் மறுபடி பரலாக இறுகும். படக்கென்ற சத்தம் அதுதான். பாகில் இருக்கிற குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அப்படி இறுக விடாது, காற்றிலிருந்துகூட ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கூடவே பாகில் லேசான அமிலம் உண்டு. சோடாவுக்கு வேலை கொடுப்பது அது.

நம்ம நாட்டுச்சர்க்கரையில் பாகு பிரிக்கப்படவே இல்லை. அதனால் ஈரமும் மணமும் தானாகவே வந்துவிடுகிறது. ஒரே ஒரு வேலை உண்டு: சலிக்க வேண்டும். கல், மண், சக்கைத் துணுக்கு ஏதாவது இருக்கும். பாயசத்துக்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டுகிறோம், இங்கே கரைக்க முடியாது, சல்லடைதான். கட்டி தட்டியிருந்தால் அம்மியில் நுணுக்கிச் சலியுங்கள். அம்மி இல்லாத வீடு என்றால் மிக்ஸியில் ஒரு சுற்று.

மொத்தமும் நாட்டுச்சர்க்கரையாகவே போட்டால் என்ன? போடலாம். ஆனால் குக்கி பரவாமல் மேடாகவே நின்றுவிடும், ஓரத்தில் அந்த மெல்லிய மொறுமொறுப்பும் கிடைக்காது. அந்த 50 கிராம் வெள்ளை அதற்காகத்தான்.

30 ஏப்ரல்

கருப்பட்டி போடலாமா என்று தூத்துக்குடியிலிருந்து கேள்வி. எதிர்பார்த்ததுதான், அந்தப் பக்கத்துக்காரர்கள் கருப்பட்டியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

செய்து பார்த்தேன். வாசனை வீடு முழுக்க. ஆனால் சாக்லேட் தோற்றுப்போகிறது, கருப்பட்டிதான் பேசுகிறது. இன்னொன்று, பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவார்கள். சுண்ணாம்பு காரம், சோடாவும் காரம். இரண்டும் சேர்ந்தால் நாக்கில் சோப்பு வாடை தட்டும், குக்கியும் சீக்கிரம் கருக்கும். சோடாவைப் பாதியாக்கி, ஒரு டீஸ்பூன் புளித்த தயிர் சேர்த்தால் சரியாகிறது. பெரியவர்களுக்கு அருமை. குழந்தைகளுக்கு முதல் தடவையே இதைக் கொடுக்க வேண்டாம்.

2 மே

"அசல் அமெரிக்க குக்கி மெத்தென்றுதான் இருக்கும், மொறுமொறுப்பாக இருப்பது இந்தியர்கள் கெடுத்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, அது அப்படி இல்லை.

இந்தக் குக்கி பிறந்த ஊர் விட்மன். மகள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரம்தான். ரூத் வேக்ஃபீல்ட் என்ற பெண்மணியும் கணவரும் 1930-இல் அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கி, டோல் ஹவுஸ், அதாவது சுங்கச்சாவடி வீடு, என்ற பெயரில் சாப்பாட்டு விடுதி நடத்தினார்கள். 1930-களின் பிற்பகுதியில் அந்த அம்மாள் உருவாக்கியதுதான் சாக்லேட் சிப் குக்கி. அன்றைக்கு அதற்கு அவர் வைத்த பெயரிலேயே "கிரஞ்ச்" இருந்தது. சின்னச் சின்னதாக, மொறுமொறுவென்று இருந்த பண்டம். அதனால் மதுரை அம்மா சுடுகிற பிஸ்கட்தான் ஒரு கணக்கில் அசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது! பெரிதாக, மெத்தென்று, நடுவில் பாதி வெந்த மாதிரி சாப்பிடுவதெல்லாம் பின்னாளில் வந்த ருசி.

சாக்லேட்டை மாவில் போட்டால் உருகிக் கலந்துவிடும் என்று நினைத்துப் போட்டார், உருகவில்லை, தற்செயலாகக் குக்கி பிறந்தது என்று ஒரு கதை எங்கே பார்த்தாலும் சுற்றுகிறது. நம்பாதீர்கள். அந்த அம்மாள் ஃபிராமிங்ஹாமில் இருந்த கல்லூரியில் மனையியல் படித்து 1924-இல் பட்டம் பெற்றவர், உணவியல் தெரிந்தவர். வேண்டுமென்றே யோசித்துச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு பெண் மூளையைக் கொண்டு செய்ததை எல்லாம் ஏதோ கைதவறி நடந்தது என்று சொல்வதில் உலகத்துக்கு ஒரு சந்தோஷம்.

1939-இல் நெஸ்லே அவருடைய செய்முறையைத் தங்கள் சாக்லேட் உறையில் அச்சிட உரிமை வாங்கியது. பிறகு உலகப் போர். மாசசூசெட்ஸ் சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்து வந்த பொட்டலங்களில் இந்தக் குக்கி இருந்தது, மற்ற மாநிலத்துப் பையன்களும் தின்று பார்த்துத் தங்கள் வீட்டுக்குக் கடிதம் எழுத, அப்படியே நாடு முழுக்கப் பரவியது.

2 மே, சற்றுக் கழித்து

விடுதி இன்னும் இருக்கிறதா என்று கேட்டதற்கு: இல்லை. 1984 டிசம்பர் 31 இரவு சமையலறையில் தீப்பிடித்து எரிந்துபோனது, திரும்பக் கட்டவில்லை. இப்போது அந்த இடத்தில் ஒரு வெண்டிஸ் பர்கர் கடை. மருமகன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். விடுதியின் பழைய பலகை மட்டும் நிற்கிறது, 1709 என்று போட்டிருக்கிறார்கள். கட்டடம் உண்மையில் 1817-இல் கட்டியது, அங்கே சுங்கச்சாவடி எதுவும் இருந்ததும் இல்லையாம். ஸ்தல புராணம் எழுதுவதில் நாம் மட்டும்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன்.

4 மே

கத்திரி தொடங்கிவிட்டது. இன்று முதல் இருபத்தெட்டாம் தேதி வரை மாவை வெளியே வைத்து வேலை பார்க்காதீர்கள். திருச்சியில் சமையலறைச் சூட்டிலேயே வெண்ணெய் தானாக உருகி நிற்கிறது. உருண்டை பிடிக்கும்போதே கை முழுக்க எண்ணெய். அதை அப்படியே அடுப்பில் வைத்தால் பதினைந்து குக்கியும் ஒட்டிக்கொண்டு ஒரே தோசையாகிவிடும். உருண்டை பிடித்த பிறகு மறுபடி அரை மணி நேரம் ஃபிரீசர், அங்கிருந்து நேரே அடுப்பு.

6 மே

அடுப்பைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று தெரியும்.

ஓடிஜி அடுப்பில், அதாவது மேலும் கீழும் கம்பி சூடாகிற சின்ன மின் அடுப்பில், டயலை 175-இல் வைத்தால் உள்ளே 175 இருக்கும் என்று நம்பாதீர்கள். என் அடுப்பில் அந்த நிலையில் 195 காட்டுகிறது. உள்ளே தொங்கவிடுகிற வெப்பமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஆயிரக்கணக்கில் அடுப்பு வாங்கினவர்கள் அதை மட்டும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று தட்டை உள்ளே தள்ளாதீர்கள். முதல் தடவை அணையும்போது கம்பி மட்டும்தான் சூடு, சுவரும் கதவும் இன்னும் பச்சைத் தண்ணீர். விளக்கு எரிந்து அணைந்து இன்னொரு சுற்று போகட்டும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும், தட்டு நடு அடுக்கில். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் விசிறி இருப்பதால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தால் நடப்பது இது. மூன்று நான்கு நிமிடம் வரை உருண்டை உருண்டையாகவே இருக்கும். அப்புறம் அடிப்பக்கம் தளர்ந்து உட்காரும், மேலே ஈரப் பளபளப்பு. ஏழாவது நிமிடத்தில் தட்டையாகப் பரவியிருக்கும். ஒன்பதில் ஓரத்தில் பளபளப்பு போய் விரல் நகத்தளவுக்குப் பொன்னிறம் ஏறும், நடுப்பகுதி வெளிறி, உப்பி, தொட்டால் குழியும். அங்கேதான் வெளியே எடுக்க வேண்டும். பத்து, அதிகம் போனால் பதினொன்று.

எடுத்ததும் உங்களுக்கே சந்தேகம் வரும், வேகவில்லையே என்று. நம்ம கை சும்மா இருக்காது. முறுக்கு, சீடை, அதிரசம் என்று எல்லாவற்றிலும் சிவக்க எடுத்துப் பழகின கை. இந்த இடத்தில் மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். தட்டிலேயே பத்து நிமிடம் விடுங்கள். தட்டின் சூட்டில் அடிப்பக்கம் இன்னும் வேகும், உப்பின நடு மெல்ல இறங்கி மேலே சுருக்கம் விழும். அதற்குள் அள்ளினால் பிய்ந்துபோகும்.

நடு முழுக்கப் பழுப்பாகும் வரை விட்டால், வெளியே வந்து ஆறும்போது அது பிஸ்கட். நாட்டுச்சர்க்கரையும் காப்பாற்றாது, மஞ்சள் கருவும் காப்பாற்றாது.

7 மே

குக்கரில் செய்யலாமா என்றவருக்கு: கனமான பழைய வாணலியில் ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு ஒரு தடவைக்கு மூன்று நான்கு உருண்டை வைக்கலாம். சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் மேலே நிறம் வராது. நிறத்துக்காகக் காத்திருந்தால் அடி கருகும். புதுக் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் காயவைத்துக் கெடுக்காதீர்கள்.

9 மே

வீட்டில் ஒரு தர்ம சங்கடம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. வியாழக்கிழமை கலந்து ஃபிரிட்ஜில் வைத்த மாவை வெள்ளிக்கிழமை சுடலாமா கூடாதா? முட்டையை உடைத்தது வியாழன், எனவே வெள்ளிக்கிழமைக் கணக்கில் வராது என்பது என் வாதம். வீட்டம்மா நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள்: சுடலாம், சமையலறையில் கூடாது. ஓடிஜி இப்போது வராந்தாவில் இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் வாசனை பிடித்து விசாரிக்கிறார்கள்.

10 மே

மேலே உள்ள வழக்கில் இன்னொரு லாபம். மாவை ஒரு நாள் முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துச் சுட்டால் ருசி ஒரு படி ஏறுகிறது. 2008-இல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு கட்டுரை 36 மணி நேரம் வைக்கச் சொன்னது, அதற்குப் பிறகு அமெரிக்காவில் இது ஒரு மதமாகவே ஆகிவிட்டது. முட்டையின் ஈரத்தை மைதா மெல்ல மெல்லத்தான் உறிஞ்சும். மாவு இறுகினால் அடுப்பில் பரவுவதும் குறையும், நிறமும் ஆழமாக ஏறும். இரண்டு மணி நேரத்துக்கும் ஒரு நாளுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஒரு நாளுக்கும் ஒன்றரை நாளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கலாம், நான் இல்லை.

மதுரை அம்மாவின் மகன் சொன்ன மைதா விஷயம் பாக்கி. மகள் வீட்டில் வாங்குகிற கிங் ஆர்தர் மாவில் புரதம் 11.7 சதவீதம். நம்ம மைதா பாக்கெட்டின் பின்னால் பாருங்கள், பத்தை ஒட்டி இருக்கும். புரதம் குறைந்தால் இழுவை கொஞ்சம் குறையும். அதற்கு மாவை ஒரு நாள் ஓய்வாக விடுவதே போதும். 165-இல் 25 கிராமை மட்டும் கோதுமை மாவாக மாற்றலாம், மணம் நன்றாக வரும். பேத்திக்கு என்று செய்யும்போது நான் அதையும் போடுவதில்லை. இது ஏன் பிரவுன் கலரில் புள்ளி புள்ளியாக இருக்கு தாத்தா என்று ஆரம்பித்தால் பதில் சொல்லி மாளாது.

13 மே

சாக்லேட். சிப்ஸ் என்று பாக்கெட்டில் விற்பதில் பாதி காம்பவுண்ட் வகை. கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு போட்டிருப்பார்கள், பொருள் பட்டியலைப் படித்தால் தெரியும். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும், அதாவது வாயில் போட்டதும். தாவரக் கொழுப்பு அப்படி உருகாமல் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். கேக் அலங்காரத்துக்கு அது வசதி, இதற்கு வேண்டாம்.

நல்ல டார்க் சாக்லேட் கட்டி ஒன்றை வாங்கிக் கத்தியால் வெட்டிப் போடுவதே மேல். பெரிய துண்டு, சின்னத் துண்டு, தூள் எல்லாம் கலந்து விழும், தூள் மாவோடு கரைந்து நிறம் கொடுக்கும், பெரிய துண்டு குட்டையாக உருகி நிற்கும். குழந்தைகளுக்குக் கசக்கும் என்று பயந்தால் பாதிக்குப் பாதி மில்க் சாக்லேட். அதோடு 50 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 40 ஆக்குங்கள்.

சாக்லேட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூசணம் என்று தூக்கி எறிய வேண்டாம். சூட்டில் கொழுப்பு மேலே வந்து படிந்தது அது, குக்கியில் போட்டால் ஒன்றும் தெரியாது.

21 மே

முட்டை சாப்பிடாத வீட்டுக்கு வழி கேட்டு இரண்டு மூன்று பேர். வராது என்று சொல்ல மாட்டேன், வருகிறது. முட்டைக்குப் பதிலாக கண்டென்ஸ்டு மில்க் 60 கிராம், பால் ஒரு மேஜைக்கரண்டி, சோளமாவு (கார்ன்ஃபிளவர்) ஒரு டீஸ்பூன். கண்டென்ஸ்டு மில்க்கே இனிப்பு என்பதால் வெள்ளைச் சர்க்கரை 20 கிராம் போதும். சீக்கிரம் சிவக்கும், எட்டாவது நிமிடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். ஆளிவிதையை ஊறவைத்துப் போடச் சொல்கிறார்கள், எனக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை.

22 மே

சர்க்கரை இவ்வளவா, குழந்தையின் உடம்பு என்ன ஆகும் என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். கணக்குப் போட்டால் ஒரு குக்கியில் சர்க்கரை மட்டும் 12 கிராம், சாக்லேட்டில் இருப்பது தனி. நிறையத்தான். அதற்காகச் சர்க்கரையைப் பாதியாக்கினால் இனிப்போடு ஈரமும் போய்விடும், கிடைப்பது உலர்ந்த பன். ஒன்றோடு நிறுத்துங்கள், அல்லது உருண்டையை 25 கிராமாகப் பிடித்து எட்டு நிமிடத்தில் எடுங்கள்.

29 ஜூன்

பேத்தி வந்தாயிற்று. ஜெட் லாக்கில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பசிக்குது தாத்தா என்றாள். ஃபிரீசரில் உருண்டைகள் தயாராக இருந்தன. வராந்தாவில் இருவரும் உட்கார்ந்து சுட்டோம். ஃபிரீசர் உருண்டைக்கு ஒன்றரை நிமிடம் கூடுதல், அவ்வளவுதான்.

சூட்டோடு ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். நடுவில் சாக்லேட் நூலாக நீண்டது. "அம்மா செய்யறதைவிட இது டார்க்கா இருக்கு, பட் ஓகே" என்றாள். இரண்டாவது தின்னும்போது, சிப்ஸ் ஏன் எல்லாம் ஒரே சைஸில் இல்லை என்று விசாரணை. கத்தியால் வெட்டியது என்று சொன்னேன். ஒரே சைஸில்தான் இருக்கணுமாம். எட்டு வயதில் எங்கள் ஆலையின் தர ஆய்வாளரைவிடக் கறார்.

வீட்டம்மா அடை ஊற்றித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாமாம்.

1 ஜூலை

ஒரு எச்சரிக்கை எழுத விட்டுப்போனது. கிண்ணத்தில் ஒட்டியிருக்கிற பச்சை மாவை வழித்து நக்குவது அமெரிக்கக் குழந்தைகளின் பரம்பரை உரிமை. விடாதீர்கள். பச்சை முட்டையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், மைதாவும் பச்சைப் பொருள்தான் என்பது தெரிவதில்லை. 2016-இல் அமெரிக்காவில் மாவிலிருந்தே ஈ.கோலை கிருமி பல மாநிலங்களில் பரவி, மாவுப் பைகளைத் திரும்ப வாங்கினார்கள். கிண்ணத்தை நானே கழுவிவிடுகிறேன். அவளுக்கு மனக்கசப்பு. வெட்டின சாக்லேட் தூளை ஒரு பிடி கொடுத்துச் சமாதானம் செய்துகொள்கிறோம்.

5 ஜூலை

அவள் சொன்ன ஒரு விஷயம்: மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு அதிகாரபூர்வக் குக்கியே இதுதானாம். 1997-இல் சட்டமாக ஆனது, கேட்டு வாங்கியது சோமர்செட் என்ற ஊரின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். தானும் மூன்றாம் வகுப்பு என்பதால் அதில் தனக்கும் பங்கு உண்டு என்பது போலத்தான் பேசுகிறாள். தமிழ்நாட்டின் அதிகாரபூர்வ பிஸ்கட் எது என்று கேட்டாள். ஊட்டி வர்க்கி என்றேன் நான், தூத்துக்குடி மக்ரூன் என்றாள் வீட்டம்மா. அப்படி ஒன்றும் கிடையாது என்பதைச் சொல்ல இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை, வாக்குவாதம் தொடர்கிறது.

11 ஜூலை

மதுரை அம்மாவின் பேரனுக்குப் பிடித்துவிட்டதாம், ஆனால் மறுநாள் கடினமாகிவிடுகிறது என்கிறார். நன்றாக ஆறினதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மேலே ஒரு துண்டு ரொட்டியை வையுங்கள். ரொட்டியின் ஈரத்தைக் குக்கி இழுத்துக்கொள்ளும். ரொட்டி காய்ந்து அப்பளமாகும், குக்கி மெத்தென்றே இருக்கும். தினமும் ரொட்டியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும். எறும்புக்குத் தட்டில் தண்ணீர் ஊற்றி டப்பாவை நடுவில் வையுங்கள், அது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதைவிட நல்ல வழி, சுட்டு வைக்காமல் உருண்டையாகவே ஃபிரீசரில் வைப்பது. ஒரு மாதம் தாராளமாக இருக்கும். சாயங்காலம் கேட்கும்போது இரண்டு மட்டும் சுடலாம். மின்சாரம் போனால் மட்டும் ஃபிரீசரை அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள்.

3 ஆகஸ்ட்

பேரன் திரும்பிப் போகும்போது டல்லாஸுக்குக் கொடுத்தனுப்பலாமா என்று மதுரை அம்மா கேட்கிறார். சுட்ட குக்கி என்றால் விமானத்தில் தடை இல்லை, சுங்கப் படிவத்தில் கேட்டால் தின்பண்டம் என்று மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மாவு உருண்டையைக் கொடுத்தனுப்ப வேண்டாம், அது உருகி மற்ற துணிமணியையும் கெடுக்கும்.

ஆனால் அமெரிக்காவுக்குச் சாக்லேட் சிப் குக்கி கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. நாட்டுச்சர்க்கரையைச் சலித்து ஒரு கிலோ கட்டிக் கொடுங்கள். என் மகள் அதைத்தான் கேட்டிருக்கிறாள்.